திட்ட விலக்கங்கள் வேறுபடும்போது விளைவு அளவை எப்படிக் கணக்கிடுவது?

கட்டுப்பாட்டுக் குழுவின் திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பயிற்சி பெற்ற குழுவின் திட்ட விலக்கமும் வெகுவாக வேறுபடும்போது கோஹென் டி-யை, அதாவது சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பெறும் விளைவு அளவை, பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான வடிவில் வேண்டாம் என்பதே என் பதில்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, கட்டுப்பாட்டுக் குழுவில் 90 பேர், சராசரி மதிப்பெண் 60, திட்ட விலக்கம் 8 என்றும், பயிற்சிக் குழுவில் 30 பேர், சராசரி 66, திட்ட விலக்கம் 16 என்றும் வைத்துக்கொள்வோம். கோஹென் டி-யில் இரு குழுக்களின் விலக்க வர்க்கச் சராசரிகளையும் (திட்ட விலக்கத்தின் வர்க்கங்களையும்) ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற எடையுடன் ஒன்றாக்கி, அதன் வர்க்கமூலத்தால் 6 என்ற வித்தியாசத்தை வகுக்கிறோம். வகுக்கும் எண் 10.54, விடை 0.57. சராசரிகளையும் திட்ட விலக்கங்களையும் தொடாமல், ஆள் எண்ணிக்கையை மட்டும் 30, 90 என்று மாற்றிப் போட்டால் விடை 0.42 ஆகிவிடுகிறது. பயிற்சியின் பலன் அப்படியே இருக்க, எந்தக் குழுவில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து மாறும் ஓர் எண்ணை விளைவின் அளவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டி-யின் திருத்திய வடிவமான ஹெட்ஜஸ் ஜி-யும் இதற்குத் தீர்வாகாது. சிறிய மாதிரிகளில் வரும் மிகைமதிப்பை அது திருத்துகிறதே தவிர, வகுக்கும் எண் அதேதான்.

உங்கள் ஆய்வில் தலையீடு எதுவும் பெறாத குழு இருப்பதால், புள்ளியியலாளர் ஜீன் கிளாஸ் 1976-இல் முன்வைத்த டெல்டா என்ற விளைவு அளவு பொருந்தும். அது கட்டுப்பாட்டுக் குழுவின் திட்ட விலக்கத்தால் மட்டுமே வகுக்கிறது. மேற்கண்ட எண்களுக்கு விடை 0.75. ஆண்கள், பெண்கள் என்பதுபோல் எதையும் அடிப்படையாகக் கொள்ள முடியாத ஒப்பீடு என்றால், இரு விலக்க வர்க்கச் சராசரிகளின் எடையில்லாச் சராசரியை எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் வகுக்கலாம், அப்போது 0.47 வரும். ஒரே தரவிலிருந்து 0.47 முதல் 0.75 வரை கிடைக்கிறது என்பதால், எதனால் வகுப்பது என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்து, கட்டுரையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். (ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இயல்பாகவே தரும், இரு குழுக்களின் விலக்கங்களும் சமம் என்று கொள்ளாத வெல்ச் சோதனையைச் செய்துவிட்டு, பக்கத்திலேயே பழைய கோஹென் டி-யைப் போடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது, சோதனையில் கைவிட்ட சமவிலக்க அனுமானம் விளைவு அளவில் மறுபடி நுழைந்துவிடுகிறது.)

பயிற்சிக்குப் பின் திட்ட விலக்கம் இரு மடங்காவது தனியாகப் பேச வேண்டிய முடிவு: பயிற்சி சிலரை வெகுவாக உயர்த்திச் சிலரை அப்படியே விட்டிருக்கலாம், சிலரைக் கீழேகூட இறக்கியிருக்கலாம். ஆகவே இரு திட்ட விலக்கங்களையும் அட்டவணையில் கட்டாயம் கொடுங்கள். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலை (மணி வடிவப் பரவலை) ஒட்டியிருந்தால், பயிற்சி பெற்ற ஒருவர் பெறாத ஒருவரைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்கும் நிகழ்தகவையும் சொல்லலாம். இங்கே அது ஏறத்தாழ 63 சதவீதம். அதற்குச் சமவிலக்க அனுமானம் தேவையில்லை.