வேகம் இருந்தும் ஏன் திணறுகிறது? பாக்கெட் வரிசை பற்றிய கேள்வி பதில்

ரௌட்டர்களோடும் லினக்ஸ் சர்வர்களோடும் பல வருடங்களாகப் புழங்கி வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைத் தொட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் யாராவது பெரிய கோப்பை அப்லோட் செய்தால் என் வீடியோ கால் திக்குகிறது. ஸ்பீட் டெஸ்டில் வேகம் சரியாகவே வருகிறது. எங்கே கோளாறு?

காத்திருப்பில். மோடத்துக்குள் ஒரு பஃபர் இருக்கிறது, அதாவது அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வரிசையில் நிற்கும் இடம். அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ், பஃபர் 512 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய பஃபர் காலியாக 2 செகண்டுக்கு மேல் ஆகும். உங்கள் குரலைச் சுமக்கும் சின்ன பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. இதற்குப் பெயர் பஃபர்புளோட். பிங் (ஒரு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கருவி) ஓடவிட்டுக்கொண்டே அப்லோட் செய்து பாருங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்தது பல நூறுக்கு ஏறினால் வியாதி இதுதான்.

அப்படியானால் பஃபரை இன்னும் பெரிதாக்கினால் பாக்கெட் தொலையாமல் இருக்குமே, அண்ணா?

தம்பி, நிறைய பேர் தடுக்கி விழுகிற இடம் இது. பாக்கெட் தொலைவதுதான், இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபிக்கு வரும் எச்சரிக்கை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கஜ தூரத்தில் 32 கேபிபிஎஸ் வேகம் 40 பிபிஎஸ் (நொடிக்கு 40 பிட்) ஆகச் சரிந்தது. நெரிசல் தெரியாமல் எல்லா கணினிகளும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சனின் 1988 கட்டுரைதான், இழப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தை டிசிபிக்குக் கொண்டுவந்தது. பெரிய பஃபர் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. அனுப்புகிறவர் பாதை காலி என்று நம்பி மேலும் மேலும் அனுப்புகிறார்.

அதற்காக பஃபரே வேண்டாம் என்று சொல்லவில்லை. திடீரென்று ஒரு கொத்தாக வரும் பாக்கெட்டுகளைத் தாங்க அது வேண்டும். வந்த வரிசை சட்டென்று கரைந்துவிட்டால் நல்ல வரிசை. கரையாமல் அங்கேயே தேங்கி நின்றால் அது லேட்டன்சியை (தாமதத்தை) கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ரெட் இருக்கும்போது கோடெல் எதற்கு?

இரண்டுமே வரிசை தேங்கத் தொடங்கியதும் பாக்கெட்டைக் கைவிட்டு எச்சரிக்கும் முறைகள். 1993-இல் வந்த ரெட், வரிசையின் சராசரி நீளத்தைப் பார்த்தது. எத்தனை பாக்கெட் சேர்ந்தால் கைவிடத் தொடங்கலாம் என்பதை ஒவ்வொரு இணைப்புக்கும் நாமே அளந்து கொடுக்க வேண்டும். அதனால் பலர் அதை இயக்கவே இல்லை. கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் 2012-இல் தந்த கோடெல், நீளத்தை விட்டுவிட்டு ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிசெகண்ட் முழுக்க அந்த நேரம் 5 மில்லிசெகண்டுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லையென்றால் ஒரு பாக்கெட்டைக் கைவிடும். தேக்கம் நீடித்தால் அடுத்தடுத்த இடைவெளிகளைச் சுருக்கும். வைஃபைபோல வேகம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நீளத்துக்கு அர்த்தமில்லை. நேரத்துக்கு எப்போதும் உண்டு. இதைவிட அழகான யோசனையை நான் இந்தத் துறையில் அதிகம் பார்த்ததில்லை.

எஃப்கியூ-கோடெலா, கேக்கா?

இரண்டுமே கோடெலை அடிப்படையாகக் கொண்டு வரிசையை நிர்வகிக்கும் முறைகள். வீட்டு ரௌட்டருக்குக் கேக். வேகக் கட்டுப்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு சாதனத்துக்கும் சமமாகப் பங்கிடவும் தெரியும். ப்ராசஸர் பலவீனமென்றால் எஃப்கியூ-கோடெல்.

எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ். கேக்கில் 100 என்றே கொடுத்தேன். எந்த மாற்றமும் இல்லை.

வரிசை இன்னும் உங்கள் ரௌட்டருக்கு வரவில்லை, மோடத்திலேயே நிற்கிறது. உங்கள் கைக்குள் இல்லாத வரிசையை கேக் ஒன்றும் செய்ய முடியாது. 90 கொடுத்துப் பாருங்கள். பிங் அடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இழக்கும் அந்தப் பத்து, வரிசையை உங்கள் பக்கம் இழுத்து வருவதற்கான விலை. டவுன்லோட் திசையில் இன்னும் தாராளமாகக் குறைக்க வேண்டியிருக்கும். அங்கே பாக்கெட் குறுகிய பாதையைக் கடந்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது.

நான் சர்வர் பக்கம் இருக்கிறேன். பேஸிங் உண்மையிலேயே உதவுமா?

உதவும். 10 ஜிபிபிஎஸ் கார்டிலிருந்து 1500 பைட் பாக்கெட்டுகள் 40 ஒரே மூச்சில் கிளம்பினால் 48 மைக்ரோசெகண்டில் வெளியேறிவிடும். எதிர்முனையில் 12 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிசெகண்ட் வேண்டும். நொடியில் 40 மில்லிசெகண்ட் வரிசை அங்கே முளைத்துவிடும். சின்ன பஃபராக இருந்தால் பாதி கொட்டிப்போகும். பேஸிங் அதே 40-ஐ இடைவெளிவிட்டு அனுப்புகிறது. லினக்ஸில் 3.12 கெர்னலில் வந்த எஃப்கியூ என்ற வரிசை முறை இதைச் செய்கிறது, 4.13 முதல் அது இல்லாவிட்டாலும் டிசிபியால் தானே இடைவெளி விட முடியும். க்விக் நெறிமுறையும் பேஸிங்கைப் பரிந்துரைக்கிறது.

பிபிஆர் போட்டால் இதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

பிபிஆர் என்பது எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று அனுப்புகிற கணினி முடிவு செய்யும் ஒரு முறை. அது தன் பாக்கெட்டுகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பக்கத்தில் ஓடும் கியூபிக் என்ற இன்னொரு முறை கட்டிய வரிசையில் அதுவும் நிற்கத்தான் வேண்டும். அதன் முதல் பதிப்பு பாக்கெட் இழப்பைப் பெரிதாகச் சட்டை செய்யாது என்பதால், சின்ன பஃபர் உள்ள பாதையில் கியூபிக்கின் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடும். பலர் பகிரும் பாதையில் அளந்து பார்க்காமல் போடாதீர்கள்.

இசிஎன்னை இயக்கலாமா?

இயக்குங்கள். பாக்கெட்டைக் கைவிடாமல் அதிலேயே ஒரு குறி வைத்து எச்சரிக்கும் முறை அது, 2001-லிருந்தே தரநிலை. எஃப்கியூ-கோடெலும் கேக்கும் இரண்டுமே அந்தக் குறியை இடத் தெரிந்தவை.