80 டெஸ்ட், 24,000 ரூபாய்: எடுக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 44 வயது. கல்லிடைக்குறிச்சியில் சின்னதாக அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறேன். அப்பா 51 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். "டாக்டர் சீட்டே வேண்டாம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், 80 டெஸ்ட் 3,000 ரூபாய்தான்" என்று ஒரு லேப்பிலிருந்து போன் மேல் போன். நான், மனைவி, பிளஸ் டூ படிக்கிற மகன், சர்க்கரை உள்ள அம்மா என நாலு பேருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுத்தால் 24,000 ரூபாய். வரியிலும் கழித்துக்கொள்ளலாமாம். மெடிக்ளெய்ம் இன்னும் எடுக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அப்பாவை அந்த வயதில் பறிகொடுத்தவருக்கு இந்தப் பயம் வருவது நியாயம். பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்கள் அடுத்துச் செய்யப்போவது மாறாது என்றால், அந்த டெஸ்டுக்கு 10 ரூபாய்கூட அதிகம்.

முதலில் இந்த 80. கொழுப்புப் பரிசோதனை ஒன்றையே ஏழெட்டாகவும், ரத்த அணுக்களின் எண்ணிக்கையை இருபதுக்கு மேலாகவும் பிரித்து எண்ணுவார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 'நார்மல்' என்று போடுவது பெரும்பாலும் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேருக்கு வருகிற அளவு. மீதி 5 பேர் நல்ல உடம்போடுதான் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவுகளைப் பார்த்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது கோட்டுக்கு வெளியே போய், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வர 64 சதவீதம் வாய்ப்பு. செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் வீட்டிலேயே நடந்தது. என் மனைவி எடுத்த பேக்கேஜில் சிஏ 125 என்ற புற்றுநோய் மார்க்கரும், அதாவது புற்றுநோய் இருக்கலாமோ என்று காட்டுகிற ரத்த அளவும், இருந்தது. 35க்குள் இருக்க வேண்டியது 41 என்று வந்தது. மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும், சாதாரண கர்ப்பப்பைக் கட்டிக்கும் ஏறும் என்று சொல்ல அன்றைக்கு எங்களுக்கு ஆளில்லை. மதுரைக்கு மூன்று நடை, ஸ்கேன், மறுபடி ரத்தம் என்று 19,000 ரூபாய். கடைசியில் ஒன்றுமில்லை. அந்த மூன்று வாரமும் அவள் ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை. எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் இந்த மார்க்கர் டெஸ்ட்களைத் தாமாக எடுக்கவே வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது பிபி, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு). ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். பிபியை லேப் எடுத்துப்போகிற ரத்தத்தில் பார்க்க முடியாது, கையில் பட்டை கட்டித்தான் பார்க்க வேண்டும். மாரடைப்பை நினைத்துப் பயப்படுகிற உங்களுக்கு, 80 டெஸ்டில் அது இருக்காது!

அம்மாவுக்கும் அப்படித்தான். ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் ஆகியவற்றோடு விழித்திரையையும் பார்த்தாக வேண்டும். அதற்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ நெல்லை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கோ நேரில்தான் போகணும். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மனைவியைக் கூட்டிப் போங்கள். இருவரும் அங்கேயே பிபி, சர்க்கரையும் பார்த்துவிடலாம். மகனுக்கு ஒன்றும் வேண்டாம்.

வரி விஷயம்: பரிசோதனைக்குக் கழிவு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்தே 5,000 ரூபாய்தான், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால். 20 சதவீத அடுக்கிலும், 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்து, மிச்சம் 1,040 ரூபாய். அதற்காக 24,000 செலவழிப்பதா?

டெஸ்டுக்கு 4,000 ரூபாய் ஒதுக்குங்கள். மீதி 20,000 மெடிக்ளெய்ம் பிரீமியத்துக்குப் போகட்டும். மழை மாதங்களில் அப்பளம் காயாமல் வருமானம் படுத்துவிடும், அப்போது ஒரு ஆஞ்சியோ செலவு வந்தால் கடையையே அசைத்துவிடும். கையில் இருக்கிற எந்த ரிப்போர்ட்டையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான்; மறைத்தால் கிளெய்மே போய்விடும். உங்களிடம் வேலை பார்க்கிற பெண்களிடமும் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை அதில் கிடைக்கும்.

இந்த வாரமே அம்பையில் ஒரு டாக்டரைப் பாருங்கள். அப்பாவுக்கு 55க்கு முன்பே மாரடைப்பு வந்ததால் உங்களுக்கு ஆபத்து கூடுதல்; அதை முதல் பேச்சாகச் சொல்லுங்கள். ஈசிஜியா, டிரெட்மில்லா, மாத்திரையா என்று அவர் சீட்டில் எழுதித் தரட்டும்.