சிவப்புப் பூச்சுக்குள் ஒரு சாம்பல் நிற டிராக்டர்
வாசகர் கேள்வி – பதில்: பழைய பண்ணை இயந்திரங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. தாத்தா அதை 1952-இலோ 1953-இலோ வாங்கினார் என்று பாட்டி சொல்வார். ஆனால் வண்டி முழுவதும் சிவப்பு. முன்புறத்தில் ‘மாஸி ஃபெர்குசன்’ என்ற எழுத்துத் தகடு. உள்ளே ‘சிம்சன்’ என்று பொறித்த மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். ஆர்.சி. புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. டேஷ் பலகையில் உள்ள சிறிய தகட்டில் ‘டி.இ.’, அதை ஒட்டி ஆங்கில எழுத்து வரிசையின் நான்காம் எழுத்து, பிறகு 247 ஆகியவை தெரிகின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் தேய்ந்துவிட்டன. கியர் ராடைத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும் என்று அப்பா சொல்கிறார். இது எந்த ஆண்டு, எந்த நாட்டு வண்டி?
– மன்னார்குடி வாசகர்

பதில்: உங்கள் பாட்டி சொல்வதை நம்பலாம். வண்டி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், பேனர் லேன் தொழிற்சாலையில், 1952-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20. சிவப்பு நிறம், முன்புற எழுத்து, இன்ஜின் ஆகிய மூன்றும் பின்னால் வந்து சேர்ந்தவை.

முதலில் எழுத்துத் தகட்டை எடுத்துக்கொள்வோம். ஹாரி ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவைச் சேர்ந்த மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது 1953-இல்தான். சில ஆண்டுகள் ‘மாஸி ஹாரிஸ் ஃபெர்குசன்’ என்ற நீளமான பெயரோடு இயங்கிய பிறகு, 1958-இல்தான் அது ‘மாஸி ஃபெர்குசன்’ என்று சுருங்கியது. சிவப்பு வண்ணத்தில் எம்.எஃப்.35 வெளிவரத் தொடங்கியதும் அதையொட்டிய மாதங்களில்தான். ஆகவே 1952-இல் வாங்கிய ஒரு வண்டியில் அந்தப் பெயரோ அந்த நிறமோ தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்க வழியில்லை. டி.இ.20 வண்டிகள் அனைத்தும் சாம்பல் நிறத்தில்தான் வெளிவந்தன. பானெட்டின் உட்புறத்திலோ பெட்ரோல் தொட்டிக்கு அடியிலோ சிவப்பைச் சிறிது சுரண்டிப் பாருங்கள். அடியில் சாம்பல் தென்படும்.

பெயரையும் நிறத்தையும் வைத்து வயது சொல்வதைப் போல ஏமாற்றம் தருவது வேறில்லை. பட்டறைக்குப் போன வண்டிக்குக் கையில் கிடைத்த பூச்சை அடிப்பதும், புதிய வண்டியின் பெயரைப் பழையதில் பொருத்துவதும் எங்கும் நடப்பதே. எளிதில் கழற்ற முடியாதவற்றையும், கழற்றினாலும் மாற்றுவதற்குக் காரணம் இல்லாதவற்றையும் முதலில் பார்ப்பதே சரியான முறை. ஃபெர்குசன் டிராக்டருக்கு லாரியைப் போலத் தனியான சேஸிஸ் சட்டம் கிடையாது. இன்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு உறை ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட்டால் முடுக்கினால் அதுவே வண்டியின் முதுகெலும்பு. இன்ஜின் மாறினாலும் கியர் பெட்டியும் பின்பகுதியும் பெரும்பாலும் பழையனவாகவே இருக்கும் என்பதால், அடையாளத்தை அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

உங்கள் அப்பா சொன்ன கியர் ராடு இங்கே மிக வலுவான சாட்சி. டி.இ.20-இல் ஸ்டார்ட்டருக்கென்று தனிப் பொத்தான் இல்லை. கியர் ராடை ‘எஸ்’ என்று குறித்த இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும். வண்டி கியரில் இருக்கும்போது தவறுதலாகக் கிளம்பிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இன்றைக்குப் பார்த்தாலும் அதன் எளிமை மெச்சத்தக்கது. முன்னோக்கிய கியர்கள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். டி.இ.20-க்கு நான்கும் ஒரு பின் கியரும் மட்டுமே, எம்.எஃப்.35-க்கு ஆறும் இரண்டும். அடுத்ததாக ஹைட்ராலிக் லிஃப்டைப் பாருங்கள். டி.இ.20-இல் அதற்கு ஒரே ஒரு கைப்பிடி இருக்கும். 35 வரிசையில் இரண்டு. கிளட்ச்சை முழுக்க மிதித்த நிலையில் கலப்பை மேலே எழாமல் நின்றுவிட்டால் அதுவும் டி.இ.20-இன் இயல்புதான், ஹைட்ராலிக் பம்ப்புக்கான சுழற்சி அதில் கிளட்ச்சைத் தாண்டித்தான் வருகிறது. கடைசியாக, பின்னால் கருவிகளுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். 1⅛ அங்குலம் என்றால் டி.இ.20, 1⅜ அங்குலம் என்றால் அதற்குப் பின் வந்த 35. முன் சக்கர ரிம் 19 அங்குலமாக இருந்தால் அதுவும் தொழிற்சாலையில் பொருத்தியதாகவே இருக்கலாம். டயர் மாறினாலும் ரிம் பெரும்பாலும் மாறுவதில்லை.

இனித் தகட்டுக்கு வருவோம். ‘டி.இ.’ என்பது இங்கிலாந்தில் கட்டிய டிராக்டரைக் குறிக்கும்; அமெரிக்காவில் கட்டியவற்றுக்கு ‘டி.ஓ.’ என்று எழுதினார்கள். அதையடுத்து வரும் எழுத்து எரிபொருளையும் வகையையும் சொல்கிறது. முதல் எழுத்தான ‘ஏ’ என்றால், ஃபெர்குசனுக்காகக் கவென்ட்ரியில் வண்டிகளைக் கட்டிய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் பெட்ரோல் இன்ஜின். ஆறாம் எழுத்தான ‘எஃப்’ என்றால் 1951-இல் அறிமுகமான டீசல் இன்ஜின். நீங்கள் கண்ட நான்காம் எழுத்து, பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் டிராக்டர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. ஆகவே உங்கள் வண்டி பிறந்தபோது அதில் ஸ்பார்க் பிளக்கோடு கூடிய நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. தொட்டியின் ஒரு மூலையில் பெட்ரோலுக்கென்று பிரிக்கப்பட்ட சிறிய அறை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தத் தகடு வேறு வண்டியிலிருந்து வந்ததன்று என்பதற்கு அது துணைச் சான்று. தகடும் திருகாணியால் முடுக்கியதுதான் என்பதால் அதை மட்டுமே தனியாக நம்பக்கூடாது.

டி.இ.20-இன் வரிசை எண்கள் 1946-இல் 1-இல் தொடங்கி, வகை எதுவானாலும் ஒரே ஓட்டமாக வளர்ந்து, 1956-இல் 5,17,651-இல் முடிந்தன. 1952-க்குரியவை 2,41,336 முதல் 3,10,779 வரை. உங்கள் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் எவையாக இருந்தாலும் அது 2,47,000-க்கும் 2,47,999-க்கும் இடையில்தான் இருக்க முடியும் என்பதால், அந்த ஆண்டின் தொடக்கப் பகுதியில் கட்டிய வண்டி என்று துணிந்து சொல்லலாம். கப்பலேறி வந்து விற்பனையாக மாதங்கள் பல ஆகும். பாட்டி ‘1952-இலோ 1953-இலோ’ என்று தயங்குவதில் வியப்பில்லை.

இன்ஜின் மாறியதற்கும் விளக்கம் எளிது. சென்னையில் 1840-இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனமான சிம்சன், 1950-களில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் உரிமத்தோடு டீசல் இன்ஜின்களைக் கட்டத் தொடங்கியது. கவென்ட்ரியில் கட்டிய டி.இ.20-இல் சென்னை இன்ஜின் தொடக்கத்திலேயே இருந்திருக்க முடியாது. ஆனால் பழைய ஃபெர்குசனில் மூன்று சிலிண்டர் டீசலைப் பொருத்துவது எவரோ ஒரு மெக்கானிக்கின் விபரீத யோசனையும் அன்று; டி.இ.20-க்கென்றே பி-3 என்ற மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தும் ஏற்பாட்டைப் பெர்க்கின்ஸ் நிறுவனமே விற்றுவந்தது. அந்த மாற்றம்தான் வண்டியை இத்தனை காலம் வயலில் வைத்திருந்தது என்பது என் எண்ணம். சாம்பல் பூச்சை மீட்பது நல்லதே. ஓடுகிற டீசலைக் கழற்றிவிட்டு மூல இன்ஜினைத் தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேய்ந்த இலக்கங்களைப் படிக்க விரும்பினால் கம்பிப் பிரஷ்ஷையோ உப்புத்தாளையோ தொடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, உலர்ந்ததும் இருட்டில் டார்ச் விளக்கைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களின் நிழலில் எண்கள் தெரியக்கூடும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்ப்பதும் பயன் தரும். லூக்காஸ் நிறுவனத்தின் ஸ்டார்ட்டரோ டைனமோவோ இன்னும் இருந்தால் அவற்றின் உடலைத் துடைத்துப் பாருங்கள். அந்நிறுவனம் தன் பாகங்களில் மாதத்தையும் ஆண்டையும் சிறு எண்களாக அடித்துவைப்பது வழக்கம்.

(எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தைச் சென்றடைந்தது இதே டி.இ.20 வண்டிகளில்தான். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கொட்டகைப் பக்கம் போவார்கள்.)

கேள்வி: விற்பனைக்கு வந்துள்ள சாம்பல் நிற ஃபெர்குசன் ஒன்றில் ‘கான்டினென்டல்’ என்று பொறித்த இன்ஜின் உள்ளது. கான்டினென்டல் அமெரிக்க நிறுவனம் என்பதால் இது அமெரிக்க வண்டி, அரிதானது என்று கூறி விற்பவர் விலையை ஏற்றுகிறார். உண்மையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இன்ஜின் அமெரிக்காவில் செய்யப்பட்டது என்பது உண்மை, வண்டியும் அமெரிக்காவில் கட்டப்பட்டது என்பது அதிலிருந்து பெறப்படாது. 1946-இல் கவென்ட்ரியில் உற்பத்தி தொடங்கியபோது ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சொந்த இன்ஜின் ஆயத்தமாகவில்லை. எனவே கான்டினென்டல் இன்ஜின்களைக் கடல் கடந்து வரவழைத்து, 1948 வரை பல்லாயிரம் வண்டிகளில் பொருத்தினார்கள். அதே இன்ஜினோடு டெட்ராய்ட் நகரில் ஃபெர்குசன் தொடங்கிய டி.ஓ.20 உற்பத்தி 1948 முதல் 1951 வரை நடந்தது. ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி மட்டுமே செய்துகொண்ட உடன்பாடு, அவருடைய பேரன் காலத்தில் முறிந்துபோனதால்தான் ஃபெர்குசன் அங்கே தனியாகத் தொழிற்சாலை வைக்க நேர்ந்தது.

பிரித்தறியத் தகட்டில் ‘டி.இ.’ உள்ளதா ‘டி.ஓ.’ உள்ளதா என்று பாருங்கள். தகடு இல்லை என்றால் மின் பாகங்களைப் பாருங்கள். லூக்காஸ் என்றால் இங்கிலாந்துப் பக்கம் சாயலாம், டெல்கோ ரெமி என்றால் அமெரிக்கப் பக்கம். இவை மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். எந்த நாடு என்பதற்காக நான் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரமாட்டேன். ஹைட்ராலிக் தூக்குகிறதா, கியர் பெட்டியின் வார்ப்பில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்பவைதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: எம்மிடம் ஒரு மாஸி ஃபெர்குசன் 135 உழவு இயந்திரம் உள்ளது. வரிசை எண் தகடு காணாமற் போய்விட்டது. எஞ்சின் எண் ‘சி.இ.’ என்று தொடங்கி, நடுவில் ‘யூ’ என்ற எழுத்தும் கடைசியில் ‘சி’ என்ற எழுத்தும் கொண்டிருக்கிறது. ஆண்டைச் சொல்ல முடியுமா, ஐயா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: முடியும். அது பெர்க்கின்ஸ் நிறுவனம் 1970-களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த எண் முறை. ‘சி.இ.’ என்பது 152 கன அங்குல மூன்று சிலிண்டர் எஞ்சின் குடும்பத்தையும், ‘யூ’ என்பது அது பிரித்தானியாவில் கட்டப்பட்டதையும் குறிக்கும். கடைசி எழுத்துதான் ஆண்டு. 1974-க்கு ‘ஏ’ என்று தொடங்கி ஆண்டுக்கு ஓர் எழுத்தாக நகர்வதால், ‘சி’ என்பது 1976. இது எஞ்சினின் வயது மட்டுமே. 135 வகை 1964-இன் இறுதியிலிருந்தே கட்டப்பட்டு வந்ததால், முந்தைய வண்டி ஒன்றில் பின்னர் இந்த எஞ்சினைப் பொருத்தியிருக்கவும் இடமுண்டு. கியர் பெட்டி, பின் அச்சு உறை ஆகியவற்றில் மேடெழுத்தாக உள்ள வார்ப்பு எண்களைத் துடைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். எஞ்சினோடு அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.