ஆற்றங்கரைக் காடும் மலையுச்சிப் புல்வெளியும்

கேள்வி: கேரளத்தின் சைலன்ட் வேலியில் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டியிருந்தால் 8.3 சதுர கிலோமீட்டர் காடு மட்டுமே மூழ்கியிருக்கும் என்கிறார்கள். அதற்காகவா அவ்வளவு பெரிய எதிர்ப்பு? (வாசகி, ஈரோடு)

பதில்: பரப்பு சிறியதுதான்; ஆனால் அது எந்த இடத்துப் பரப்பு என்பதைப் பார்க்க வேண்டும். குந்திப்புழை ஆற்றின் இரு கரைகளிலும், பள்ளத்தாக்கின் அடியில் செழித்து நிற்கும் பசுமைமாறாக் காடுதான் நீரில் மூழ்கியிருக்கும். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மர உச்சிகளிலேயே வாழ்வது. வெடிப்பலா மரத்தின் முள் நிறைந்த காயைப் பிளந்து விதையைத் தின்பது. கிளைக்குக் கிளை தாவியே இடம்பெயர்வது. காட்டின் நடுவே நீர்த்தேக்கம் விரிந்தால் அக்கரைக் கூட்டமும் இக்கரைக் கூட்டமும் பிரிந்துவிடும். கட்டுமானத்துக்கென வரும் சாலைகளும் குடியிருப்புகளும் ஏற்படுத்தும் சேதம் அந்த 8.3 சதுர கிலோமீட்டர் கணக்கில் சேரவே சேராது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரியும், பறவையியலாளர் சலீம் அலியும் குரல் கொடுத்தார்கள், அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவை அடுத்த ஆண்டு ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். வடகேரளமான மலபாருக்கு மின்சாரம் தேவையில்லை என்று பரிஷத் சொல்லவில்லை; வேறு வழியில் தர முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தப் போராட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுப்புணர்வைத்தான்.

கேள்வி: அதே மலையின் மேற்பகுதியில் மரமே இல்லாமல் புல் மட்டும் இருப்பது ஏன்? அங்கே மரம் நட்டால் காடு இன்னும் பெருகாதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அன்புகூர்ந்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தப் புல்வெளிகள் யாரோ காட்டை வெட்டியதால் வந்த வெற்றிடங்கள் அல்ல, மிகப் பழமையானவை. குளிர்கால இரவுகளில் திறந்த சரிவுகளில் உறைபனி இறங்கும்போது, மரக்கன்றின் நுனிமொட்டு வெளியே நிற்பதால் கருகிவிடுகிறது. புல்லின் குருத்தோ மண்ணையொட்டி அடியில் இருப்பதால் தப்பித்து மீண்டும் துளிர்க்கிறது. பலத்த காற்றும் அவ்வப்போது பரவும் தீயும் சேர்ந்துகொள்ள, ஈரமும் காற்றுமறைவும் உள்ள மலை மடிப்புகளில் மட்டும் சோலை எனப்படும் பசுமைமாறாக் காடு நிலைக்கிறது. சோலையும் புல்வெளியும் சேர்ந்து மழைநீரைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடுவதால்தான் கீழே உள்ள ஆறுகள் கோடையிலும் ஓடுகின்றன.

சைலன்ட் வேலியின் வடக்கே தொடரும் நம் நீலகிரியில் நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும், பிற்காலத்தில் நட்ட பைன் மரமும் பரந்த புல்வெளிகளை விழுங்கிவிட்டன. சீகையை வெட்டினாலும் மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மீட்பு வேலை ஒரே பருவத்தில் முடிவதில்லை. முக்குருத்தி தேசியப் பூங்காவில் எஞ்சியிருக்கும் புல்வெளியை நம்பித்தான் நம் மாநில விலங்கான வரையாடு அங்கே மேய்கிறது. திறந்த புல்வெளியும், ஆபத்து வந்தால் ஓடி ஏறப் பாறைச் சரிவும் அதற்கு வேண்டும். மரங்கள் அடர்ந்துவிட்டால் மேய்ச்சலும் போகும், பதுங்கி வரும் சிறுத்தையைத் தொலைவிலேயே காணும் வசதியும் போகும். பள்ளத்தாக்குக் காட்டுக்காக நாடே பேசியது. புல்லுக்காகப் பேசுவோர் இன்றும் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: கோவையிலிருந்து சைலன்ட் வேலிக்குப் போவது எப்படி? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாக முக்காலி செல்லுங்கள். அங்கே அனுமதி பெற்று, வனத்துறை ஏற்பாட்டிலான வாகனத்தில் சைரந்திரி வரை சுமார் 23 கிலோமீட்டர் போகலாம். அங்குள்ள காட்சிக் கோபுரத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மழைக்காலத்தில் அட்டைக்கடி நிச்சயம். முன்பதிவு நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.