வளவு வீட்டில் பச்சைப்பிள்ளை: கேள்வி பதில்

பேறுகாலத்துக்குச் செட்டிநாட்டு வளவு வீடுகளுக்கு, அதாவது நடுமுற்றம் வைத்த பழைய வீடுகளுக்கு, வரப்போகும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. நான்கைந்து மாதம் வரை பிள்ளை தவழாது. அதுவரை முற்றமும் கிணறும் அதை ஒன்றும் செய்யா. ஆபத்து வருவதெல்லாம் பெரியவர்கள் கையில் எடுத்து வரும் துணி, வெந்நீர், புகை, மருந்து வழியாகத்தான். எனவே வேலைகளையும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்: மனைவிக்கு ஏழாவது மாதம். பழைய தேக்கு ஜன்னல்களைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

சுரண்டுவதுதான் சிக்கல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அது தூசாகப் பறக்கும். தாய் அதைச் சுவாசித்தால் ஈயம் நஞ்சுக்கொடி வழியே வயிற்றுப் பிள்ளைக்கும் போய்விடும்.

பெயிண்ட் உரியாத இடத்தில் கை வைக்காதீர்கள், மேலேயே ஒரு கோட் அடித்தால் போதும். உரியும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் மெதுவாக எடுக்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, வேலை முடிந்ததும் அதை அப்படியே சுருட்டி வெளியேற்றுங்கள். விளக்குமாறு கூடாது, ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். வேலை முடியும்வரை கர்ப்பிணி வேறு வீட்டில் இருக்கட்டும். பிரசவ நாளுக்கு ஒரு மாதம் முன்பே எல்லாம் முடிந்தால் வாடையும் போய்விடும். ஜன்னல் திறந்து மூடும்போது உராய்ந்து விழும் தூள் விளிம்பில் சேரும். அந்த விளிம்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: ஆயா (அம்மாவின் அம்மா) பழைய மல்லு வேட்டிகளைப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பழந்துணிதான் நல்லது என்கிறார்கள். சரிதானா?

மெத்தென்று இருப்பது சரி. பெட்டிக்குள் அந்துருண்டை கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் உள்ள நாப்தலீன் துணியில் ஏறி, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இதனால் ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை திடீரென ஏறும், அளவு மீறினால் மூளையைத் தாக்கும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்துருண்டையோடு கிடந்த துணி வேண்டாம் என்பதே என் முடிவு. துவைத்து வெயிலில் போட்டாலும் வாடை அடிக்கிற துணியை யார் சொன்னாலும் போர்த்தாதீர்கள். இன்றே பெட்டியிலிருந்து உருண்டைகளை அகற்றி, காய்ந்த வேப்பிலையைப் போடுங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, பிள்ளை வெளிறித் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கோட்டையூரிலிருந்து: பரம்பரைத் தொட்டில் இருக்கிறது, சேலைத் தொட்டிலும் கட்டலாம். எது மேல்?

மரத் தொட்டில் என்றால் கம்பிகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் உடம்பு வெளியே நழுவி தலை மாட்டிக்கொள்ளும். பழைய பெயிண்ட் பிரச்சினை இதற்கும் உண்டு, பிள்ளை பின்னால் கம்பியைக் கடிக்கும் என்பதால் இன்னும் அதிகம்.

சேலைத் தொட்டிலில் பிள்ளை குழிந்து படுப்பதால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கும், துணியும் மூக்கை மூடலாம். பகலில், ஆள் கண்பார்வையில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். நடுவில் விரிகட்டை வைத்துக் கட்டி, தரையிலிருந்து ஓரடிக்குள் தொங்கவிட்டு, கீழே மெத்தை போடுங்கள். உத்திரத்துக் கொக்கி துருப்பிடித்துப் பலமிழந்திருக்கிறதா என்று ஒரு மூட்டை அரிசியைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். பிள்ளை புரளத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். இரவில் தாயின் அருகே தனிப் படுக்கையில், கெட்டியான சமதள மெத்தையில், மல்லாக்கப் படுக்க வேண்டும். கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து: குளிப்பாட்டுவது, சாம்பிராணி, வசம்பு எல்லாம் அப்பத்தா பொறுப்பு. எதைத் தடுப்பது, எதை விடுவது?

எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதை விட்டுவிடுங்கள், அதில் கைப்பக்குவம் உண்டு. வாளியில் தண்ணீர் ஊற்றும் வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையில் பட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது, அதாவது 37, 38 டிகிரி செல்சியஸ். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

சாம்பிராணியை வேறு அறையில் போட்டுத் தாயின் கூந்தலை உலர்த்தலாம், பிள்ளையைப் புகையில் காட்டக் கூடாது. வசம்பு, உரைமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தேன் ஒரு வயது முடியும்வரை ஆகாது. கண்மையிலும் ஈயம் இருக்கலாம். திருஷ்டிக்குத்தான் என்றால் வசம்பை அப்பத்தா மணிக்கட்டில் கட்டிக்கொள்ளட்டும், பிள்ளையின் கழுத்தில் எந்தக் கயிறும் வேண்டாம்.

புதுவயலிலிருந்து: முற்றத்துக்கு வேலி, நிலைப்படிக்குக் கதவு இப்போதே போட வேண்டுமா?

ஐந்தாம் மாதத்தில் போடுங்கள், போதும். கம்பி இடைவெளி 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஏறுவதற்குக் குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. முற்றத்து அண்டாவில் 5 செ.மீ. மழைத்தண்ணீர் நின்றாலே தவழும் பிள்ளைக்கு உயிராபத்து, அப்போதிலிருந்து கவிழ்த்தே வைக்க வேண்டும்.

இப்போது கவனிக்க வேண்டியது பெரியவர்களின் கால். ஆத்தங்குடி கல்லை எண்ணெய் விட்டு மெருகேற்றிய தரையில் ஈரம் பட்டால் வழுக்கும். பிள்ளையைத் தூக்கி நடக்கும் வழியில் மெருகேற்றுவதை நிறுத்துங்கள். அதற்காக ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல்லின் நிறமே போய்விடும். அறைக்கும் குளியலிடத்துக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு நிலைப்படியிலும் இரவு விளக்கு ஒன்று, ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வெந்நீர் என்று யாரும் நடக்க வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து: வயரிங் ரொம்பப் பழசு.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றை மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்: மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

பச்சைப்பிள்ளையின் மூச்சு சீராக இருக்காது. 5 முதல் 10 விநாடி நின்று, பிறகு வேகமாக ஓடும். அது இயல்பு. 20 விநாடி தாண்டினாலோ, உதடு நீலமானாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு ஓடினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ 108. இந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, இரவில் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் பார்க்கும்போது மற்றவர் தூங்க வேண்டும். பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், அழுகையும் பயமும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.