டாலரைக் கொண்டுவந்து மாவு கிரைண்டரில் போடலாமா?

கேள்வி: தாராவியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். போன வருடம் ரெண்டு வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கி இன்னொரு கிரைண்டர் போட்டேன். அரிசி, உளுந்து, கரண்ட் போக, வட்டி கட்டும் முன் மாதம் 6,000 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. அதற்காக நானும் மனைவியும் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறோம். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன், அங்கே பேங்கில் 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்கிறான். அவனுடைய 10 லட்சத்தை என் தொழிலில் போட்டால் இருவருக்கும் லாபம்தானே? பணக்கார நாட்டுக்காரர்கள் ஏன் இதைச் செய்வதில்லை?

பதில்: கடைசிக் கேள்வியை 1990-லேயே ராபர்ட் லூகாஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேட்டுவிட்டார். முதல், அதாவது தொழிலில் போடும் பணம், குறைவாக உள்ள இடத்தில் வருமானம் அதிகம் என்ற பாடப்புத்தகக் கணக்குப்படி, இந்தியாவில் முதலுக்குக் கிடைப்பது அமெரிக்காவைப் போல 58 மடங்கு இருக்க வேண்டும் என்று வந்தது. அது உண்மையானால் டாலர் இங்கே வந்து கொட்டியிருக்கும். கொட்டவில்லை. பணத்தோடு சேர வேண்டிய படிப்பு, தொழில்திறமை, நம்பகமான ஒப்பந்தம் எல்லாம் இங்கே குறைவு என்பது அவர் சொன்ன காரணங்களில் சில.

அதற்காக உங்கள் லாபம் பொய் இல்லை. இலங்கையில் சிறு தொழில்காரர்களுக்கு 10,000, 20,000 இலங்கை ரூபாய் சும்மா கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. அந்த முதல் சராசரியாக மாதம் 5 சதவீதம் அளவுக்கு ஈட்டியது. (பெண்கள் நடத்திய தொழில்களில் மட்டும் லாபம் கூடவில்லை.)

உங்கள் கணக்குக்கு வருவோம். 60,000-க்கு 6,000 என்றால் மாதம் 10 சதவீதம் என்று நினைக்கிறீர்கள். அந்த அதிகாலை வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் 3,500-ஆவது கேட்பார். கல் தேய்மானம், மோட்டார் ரிப்பேருக்கு 500 வையுங்கள். கிரைண்டர் சம்பாதித்தது 2,000. வட்டி 1,200 போனால் 800. நல்ல லாபம்தான், ஆனால் அந்த 6,000-ல் பெரும்பங்கு உங்கள் தூக்கத்தின் கூலி. 10 லட்சத்துக்கு பதினாறு கிரைண்டர் வாங்கலாம். எங்கே வைப்பீர்கள்? அவ்வளவு மாவையும் புளிப்பதற்குள் யார் வாங்குவார்கள்?

அக்கா மகன் இங்கே பேங்கில் போட்டாலும் யோசிக்க வேண்டும். 2011 தொடக்கத்தில் ஒரு டாலர் 45 ரூபாய், 2024 முடிவில் 85. அதாவது வருடத்துக்குச் சுமார் 4.5 சதவீதம் ரூபாய் இறங்கியிருக்கிறது. இங்கே 7 சதவீதம் வாங்கியவருக்கு டாலர் கணக்கில் மிஞ்சியது இரண்டரைக்கும் சற்றுக் குறைவுதான்.

அப்புறம் ஒன்று. அக்கா மகன் அன்பளிப்பாகக் கொடுக்கும் பணம் வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் உங்கள் வருமானமாகி வரி விழும். அதே பணத்தைத் தாய்மாமனான நீங்கள் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி கிடையாது, சட்டத்தின் வேடிக்கை. அக்கா தன் பணத்தைக் கொடுத்தாலும் உங்களுக்கு வரி இல்லை.

என் யோசனை: 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் செய்துகொண்டு, உங்கள் பேங்கில் சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் கேளுங்கள். 60,000 ரூபாய் 'கிஷோர்' பிரிவில் வரும், அடமானம் தேவையில்லை. அது கைக்கு வந்ததும் ரெண்டு வட்டிக்காரரை முதலில் அடைத்துவிடுங்கள்.