சென்னைப் புறநகரில் பத்தாயிரத்துக்குள் வாடகை வீடு கிடைக்குமா?

கிண்டியில் வேலை, கைக்குழந்தை, வாடகைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் முடியாது, எந்த ஏரியா பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் ஆதம்பாக்கம், வேளச்சேரி எல்லாம் அலைந்து ஓய்ந்திருப்பீர்கள். தாம்பரத்தைத் தாண்டிப் பாருங்கள், கிடைக்கும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாமே கிண்டிக்கு ஒரே ரயில். தாம்பரத்துக்கு அப்புறம் செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள் குறைவு. அதனால் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் தேடுங்கள். இல்லையென்றால் வாடகையில் மிச்சம் பிடித்தது ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் ஓனர்கள் அதைச் சொல்லியே வாடகையை ஏற்றிவிட்டார்கள். கூடுவாஞ்சேரி உள்பக்கம் கொஞ்சம் தேவலை.

நாங்கள் வீடு தேடியபோது தாம்பரம் பக்கத்தில் வரதராஜபுரத்தில் ஒன்று காட்டினார்கள். தரைத்தளம், இரண்டு பெட்ரூம், புது பெயின்ட், வாடகை எட்டாயிரம். என் மனைவிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எனக்கு அந்த விலைதான் இடித்தது. வெளியே வந்து பார்த்தால் ஈபி மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருக்கிறது, ஸ்டூல் போட்டால்தான் ரீடிங் பார்க்க முடியும். மோட்டார் சுவிட்ச் மாடிப்படியில் பாதி ஏறிய இடத்தில். ஏன் என்று கேட்டால் புரோக்கர், "குழந்தைங்க கை வெச்சிடக் கூடாதுல்ல சார்" என்றார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "2015-ல ஜன்னல் வரைக்கும் தண்ணி தம்பி. அதுக்கப்புறமும் பெருமழைன்னா தெருவுல படகுதான்" என்றார். அடையாறு அந்த வழியாகத்தான் வருகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

முடிச்சூர், வரதராஜபுரம்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மேடான தெருக்கள் அங்கே நிறைய உண்டு, என் நண்பர்களே இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு தரைத்தளம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பாருங்கள். தெரு தானே சொல்லிவிடும்.

கடைசியில் கூடுவாஞ்சேரியில் முதல் மாடியில், ஒன்பதாயிரத்துக்கு ஒரு வீடு அமைந்தது. அங்கேயும் முதலில் குழாயைத்தான் பார்த்தேன். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் போர் தண்ணீர் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டாம். கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் அதற்கு மேல். இதைப் பணிவாகவே சொன்னேன். அவருக்கு முகம் மாறியது, ஆனால் ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார். "சட்டம் பேசினால் வீடு தர மாட்டார்கள்" என்று இங்கே சிலர் எழுதுவார்கள். எனக்குத் தந்தார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் போர்ஷனுக்குத் தனி ஈபி கனெக்‌ஷன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. அது குடியிருக்கிற எங்களுக்கு வர வேண்டியது. ஆனால் ஓனர் வீட்டில் முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார்கள். கொடுப்பதில் பாதிகூட பில் வராது. ஓனர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை, என் அக்காவே ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறாள், பில் தொகையை மட்டும்தான் வாங்குகிறாள். வாடகை ஏற்றினால் ஏற்றட்டும், அது அவர்கள் வீடு. அரசு எங்களுக்குத் தருவதில் கை வைக்க இவர்களுக்கு என்ன உரிமை? கேட்டால் "இந்த ஏரியாவுல எல்லாரும் அப்படித்தான்" என்கிறார்கள்.

பில் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ள, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஈபி சர்வீஸ் நம்பரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பில்லில் வருகிற தொகைதான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குடிபோன பிறகு கேட்டால் நடக்காது.